ரீலோட் ஆன பிறகும் போகாமல் நிற்கும் பழைய அப்ளிகேஷன்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன அலுவலகம். ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் 9 சர்வர், ஜாவா 11, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல். வெப் அப்ளிகேஷனில் ஏதாவது மாற்றினால் சர்வரை நிறுத்தாமல் மேனேஜர் பக்கத்தில் ரீலோட் அழுத்துகிறீர்கள். 15 தடவை போல அழுத்தியதும் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று டேட்டாபேஸ் கைவிரித்தது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் அளவை 500 ஆக்கினீர்கள். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ‘அவுட் ஆஃப் மெமரி’, அதுவும் மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் தங்கும் மெமரிப் பகுதி) என்று வந்தது. அப்ளிகேஷன் நிற்கும்போது ஸ்டாட்டிக் மாறிகள் (கிளாஸோடு சேர்ந்தே இருப்பவை) எல்லாவற்றுக்கும் நல் (null, ‘எதையும் சுட்டவில்லை’ என்ற மதிப்பு) போடுகிறீர்கள், மெமரியைச் சுத்தம் செய்யச் சொல்லி சிஸ்டம் ஜிசியையும் கூப்பிடுகிறீர்கள். ‘இன்னும் எதையெல்லாம் நல் ஆக்க வேண்டும்?’ என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: ரீலோட் செய்ததும் பழைய அப்ளிகேஷனை யார் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன்.

நல் போடுவதை விட்டுவிடுங்கள். அது தேவையே இல்லை. ஜாவாவில் மெமரியை விடுவிப்பது உங்கள் வேலை இல்லை, அதற்குக் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி) இருக்கிறது. உங்கள் அப்ளிகேஷன் தன் எல்லைக்கு வெளியே எதையெல்லாம் கொடுத்து வைத்ததோ, அதைக் கிளம்பும் முன் திரும்ப வாங்குவதுதான் உங்கள் வேலை. ஓட விட்ட த்ரெட் (பின்னணியில் தனியாக ஓடும் வேலை), திறந்த கனெக்‌ஷன், ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்மில் பதிந்து வைத்த பெயர், இவைதான் அந்த வெளியே கொடுத்தவை.

இது ஏன் என்று புரிய, கிளாஸ்களை மெமரியில் ஏற்றும் கிளாஸ்லோடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாம்கேட் ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனி கிளாஸ்லோடர் வைத்திருக்கிறது. உங்கள் வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் கிளாஸ்களும் ஜார்களும் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன. ரீலோட் என்றால் டாம்கேட் பழைய லோடரைக் கைவிட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கி, எல்லாக் கிளாஸ்களையும் மறுபடி ஏற்றுகிறது, அவ்வளவுதான். பழைய லோடரை யாரும் அழிப்பதில்லை. அதை யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் ஜிசி வந்து எடுத்துக்கொள்ளும். இனி சிக்கலைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் தன் கிளாஸைச் சுட்டுகிறது. ஒவ்வொரு கிளாஸும் தன்னை ஏற்றிய லோடரைச் சுட்டுகிறது. லோடரோ தான் ஏற்றிய அத்தனை கிளாஸையும் சுட்டுகிறது, அந்தக் கிளாஸ்களின் ஸ்டாட்டிக் மாறிகளும் கூடவே வரும். நம் கடற்கரையில் கரமடி (கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு கண்ணி பாறையில் மாட்டிக்கொண்டால் போதும், கரையில் எத்தனை பேர் இழுத்தாலும் மடி வராது. இங்கேயும் அதே கதை. வெளியே இருக்கும் ஏதோ ஒன்று உங்கள் அப்ளிகேஷனின் ஒரே ஒரு பொருளைப் பிடித்திருந்தால், பழைய அப்ளிகேஷன் முழுசாக மெமரியில் நிற்கும்.

கிளாஸ் விவரங்கள் தங்கும் இடம் ஜாவா 7 வரை பெர்ம்ஜென். 2014-ல் வந்த ஜாவா 8 அதை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தது. அது ஹீப்புக்கு (ஜாவா பொருள்கள் தங்கும் மெமரிக்கு) வெளியே, நேரடியாகச் சிஸ்டத்தின் மெமரியில் வளர்கிறது. நீங்கள் வரம்பு வைக்காவிட்டால் அதற்கு வரம்பே இல்லை. பெர்ம்ஜென் போனதும் இந்தப் பிரச்சினையும் ஒழிந்தது என்று அப்போது பலர் நிம்மதி அடைந்தார்கள். ஒழியவில்லை, வெடிக்க எடுக்கும் நேரம் கூடியது, அவ்வளவுதான். நீங்கள் மேக்ஸ் மெட்டாஸ்பேஸ் சைஸ் 256 எம்பி என்று போட்டிருந்ததால்தான் பிழை முகத்துக்கு நேரே வந்தது. போடாமல் விட்டிருந்தால் ஒரு நாள் மிஷினே ஸ்வாப்பில் திணறியிருக்கும். அந்த வரம்பை எடுக்காதீர்கள்.

இனி உங்கள் 15 தடவைக்கு வருகிறேன். டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து தயாராக வைக்கும் ஹிகாரி பூலை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்திருப்பதாகவும், நிற்கும்போது அதற்கு நல் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல் போட்டால் பூல் மூடாது. க்ளோஸ் கூப்பிட்டால்தான் மூடும். ஹிகாரி பூல் இயல்பாக 10 கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 151. கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஒரு பூல், 14 ரீலோடில் இன்னும் 14 பூல், ஆக 150 கனெக்‌ஷன். 15-வது ரீலோடில் வரும் பூலுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. நீங்கள் சொன்ன எண்ணும் இதுவும் அச்சாகப் பொருந்துகிறது. கனெக்‌ஷன்கள் சும்மா இருந்து இருந்து தானாகப் போய்விடாதா என்றால், போகாது. பூலுக்குள் ஒரு த்ரெட் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய கனெக்‌ஷனை அரை மணிக்கு ஒரு தடவை கழித்துவிட்டுப் புதிதாகத் திறந்து வைப்பது வரை அது சரியாகச் செய்யும். யாருக்காக என்று கேட்டால் யாருக்காகவும் இல்லை. அந்த த்ரெட் ஓடும் கோட் உங்கள் லோடரில் ஏறியது, அதனால் பழைய அப்ளிகேஷனும் அதோடு சேர்ந்து உயிரோடு இருக்கிறது. நீங்கள் 500 ஆக்கியதும் கனெக்‌ஷன் முட்டுவதற்கு முன் மெட்டாஸ்பேஸ் முட்டியது. இரண்டும் ஒரே நோய், காட்டிய இடம்தான் வேறு.

இதில் எனக்கும் ஒரு பழைய அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் வியாபாரிக்கு ஷீட் வாங்கும் கணக்கு எழுதிக் கொடுத்தோம். காலையில் அன்றைய ஷீட் விலையைச் சப்ளை செய்பவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். ஜாவாவின் டைமரை வைத்து நானேதான் எழுதினேன். நிறுத்தும் கோட் எழுதவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மூன்று தடவை ரீலோட் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் ஒரு தோட்டக்காரர் போன் செய்தார்: “மக்கா, ஒரே வெலைய நாலு தடவ சொல்லுகியளே, நாலு ஷீட்டுக்க வெலையா இது?” பழைய டைமர்கள் மூன்றும் புதியது ஒன்றும் வரிசையாக வேலை செய்திருக்கின்றன. மெமரி பற்றி எந்தப் பிழையும் வரவில்லை. கவனியுங்கள், லீக் (விட வேண்டியதை விடாமல் வைத்திருப்பது) என்பது எப்போதும் மெமரிப் பிழையாகத்தான் வரும் என்று இல்லை. அதைவிட வேடிக்கை, இதே தவறு அதற்கு முன்பும் மாதக்கணக்கில் அங்கே இருந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டே, மழை பிடித்தால் கரண்ட் போகும், சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், பழைய டைமர்கள் எல்லாம் ஒழிந்துவிடும். கடையில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்த பிறகுதான் என் குட்டு உடைந்தது.

மூடும் கோட் எங்கே எழுதுவது என்பதற்கு ஒரே இடம்தான்: சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனரின் கான்டெக்ஸ்ட் டெஸ்ட்ராய்டு, அப்ளிகேஷன் நிற்கும்போது டாம்கேட் கூப்பிடும் மெதட். ஸ்பிரிங் பயன்படுத்தினால் அதன் கன்டெய்னர் மூடும்போது ஒவ்வொரு பீனின் (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருளின்) டெஸ்ட்ராய் மெதடையும் அதுவே கூப்பிடும். நீங்கள் பூலை ஸ்டாட்டிக்கில் வைக்காமல் பீனாக வைத்திருந்தால் பாதி வேலை தானாக முடிந்திருக்கும். ஆனால் எந்த வரிசையில் மூடுகிறீர்கள் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். முதலில் நேரம் வைத்து ஓடும் வேலைகளை நிறுத்துங்கள், புதிய வேலை வரக்கூடாது. டைமர் என்றால் கேன்சல். எக்ஸிக்யூட்டர் (த்ரெட்களை வைத்து வேலைகளை ஓட்டுவது) என்றால் ஷட்டவுன் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடிய ஐந்தோ பத்தோ வினாடி காத்திருந்து, முடியாவிட்டால் ஷட்டவுன் நவ். அதன்பின் பூலை மூடுங்கள். கடைசியாக, ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர். இதைத் தலைகீழாகச் செய்து பூலை முதலில் மூடினால், பின்னணியில் பில் எழுதிக்கொண்டிருந்த த்ரெட் பாதியில் கனெக்‌ஷன் இல்லாமல் நிற்கும். லாகில் நூறு பிழை வரும், அதில் எது உண்மையான பிழை என்று உங்களுக்கே தெரியாது.

ஷட்டவுன் நவ் மந்திரம் இல்லை. அது த்ரெட்டுக்கு இன்டரப்ட் என்ற தட்டலை மட்டும்தான் கொடுக்கும். உங்கள் லூப் அந்தத் தட்டலைக் கேட்க வேண்டும். ‘இன்டரப்டட் எக்ஸப்ஷன்’ வந்தால் பிடித்து, ஒன்றும் செய்யாமல் லூப்பைத் தொடரும் கோடை நான் எண்ணிக்கை இல்லாமல் பார்த்திருக்கிறேன். அந்த த்ரெட் எந்த ரீலோடிலும் சாகாது. த்ரெட்டை டீமன் ஆக்கினால் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. டீமன் என்பது ஜேவிஎம் மொத்தமாக நிற்கும்போதுதான் கணக்கில் வரும். ரீலோடில் ஜேவிஎம் நிற்பதில்லையே. இதன் மறுபக்கம் ஒரு நல்ல அறிகுறி: டாம்கேட்டுக்கு ஷட்டவுன் கொடுத்தும் ஜாவா ப்ராசஸ் போகாமல் தொங்கினால், டீமன் அல்லாத ஒரு த்ரெட்டை நீங்கள் எங்கோ விட்டுவைத்திருக்கிறீர்கள்.

டிரைவர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஜேடிபிசி டிரைவர் ஏறியதும் தன்னை டிரைவர்மேனேஜரிடம் பதிந்துகொள்ளும். டிரைவர்மேனேஜர் உங்கள் அப்ளிகேஷனுடையது அல்ல, ஜாவாவினுடையது. ஜார் உங்கள் அப்ளிகேஷனின் லிப் ஃபோல்டரில் இருந்தால் அந்தப் பதிவு உங்கள் லோடரைப் பிடித்துக்கொள்ளும். நிற்கும்போது பதிவான டிரைவர்களை எடுத்து, எதன் லோடர் உங்கள் லோடரோ அதை மட்டும் நீக்குங்கள். மைஎஸ்க்யூஎல் டிரைவர் கூடுதலாக ஒரு த்ரெட்டையும் ஓட்டுகிறது, அபாண்டன்ட் கனெக்‌ஷன் க்ளீனப் என்று நீளமான பெயர். அதற்கென்று இருக்கும் செக்டு ஷட்டவுன் மெதடைக் கூப்பிட வேண்டும். டிரைவரை நீக்க மறந்தாலும் டாம்கேட்டே நீக்கிவிட்டு, ‘வலுக்கட்டாயமாகப் பதிவு நீக்கப்பட்டது’ என்ற பொருளில் லாகில் எச்சரிக்கை எழுதும். அந்த வரியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அந்த லீக்கை டாம்கேட் அடைத்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள். பயப்பட வேண்டியது அதற்குப் பக்கத்தில் வரும் இன்னொரு வரிக்கு: இந்தப் பெயருள்ள த்ரெட்டை ஆரம்பித்து நிறுத்தாமல் விட்டிருக்கிறது என்று வருமே, அதற்கு.

த்ரெட்லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் மாறி) இன்னொரு பாறை. டாம்கேட்டின் ரிக்வெஸ்ட் த்ரெட்கள் உங்கள் அப்ளிகேஷனுக்கு முன்பே இருந்தவை, பின்பும் இருப்பவை. லாகின் செய்தவரின் விவரத்தை த்ரெட்லோக்கலில் வைத்துவிட்டு எடுக்காமல் விட்டால், அந்தப் பொருள் அந்த த்ரெட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்ளிகேஷன் நிற்கும்போது ரிமூவ் கூப்பிடலாமே என்று தோன்றும். பலன் இல்லை, ரிமூவ் தன்னைக் கூப்பிட்ட த்ரெட்டில் மட்டும்தான் வேலை செய்யும், மற்ற த்ரெட்களில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் வைத்த ஃபில்டரிலேயே, ஃபைனலி பகுதியில், ஒவ்வொரு ரிக்வெஸ்ட் முடியும்போதும் எடுத்துவிடுங்கள். இது லீக்குக்காக மட்டும் அல்ல. எடுக்காமல் விட்டால் ஒருவரின் விவரம் அடுத்தவர் ரிக்வெஸ்டில் தெரியும் ஆபத்தும் உண்டு. டாம்கேட் 7 முதல், ரீலோடுக்குப் பிறகு பழைய த்ரெட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது ஒரு பாதுகாப்பு வலை, அதை நம்பிக் கோட் எழுதக்கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரன்டைமில் சேர்த்த ஷட்டவுன் ஹூக் (ஜேவிஎம் நிற்கும்போது ஓடும் கோட்) ரீலோடில் ஓடாது, ஆனால் லோடரைப் பிடித்திருக்கும். வெப் அப்ளிகேஷனில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். பதிந்த எம்பீன்களை (கண்காணிப்புக்காக ஜேவிஎம்மில் பதியும் பொருள்களை) நீக்குங்கள். டாம்கேட்டின் பொது லிப் ஃபோல்டரில் போட்ட ஜார் ஏதாவது உங்கள் பொருளைத் தன் கேஷில் வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ஜாவா லைப்ரரியே சில சமயம் முதல் தடவை கூப்பிடும்போது ஒரு த்ரெட்டை ஆரம்பித்து, அப்போதைய கிளாஸ்லோடரைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல்லில் ஜேஆர்இ மெமரி லீக் பிரிவென்ஷன் லிசனர் இருக்கிறது. தேவையில்லாத வரி என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள்.

‘த்ரெட்களை டாம்கேட்டே கொன்றுவிட ஒரு செட்டிங் இருக்கிறதே’ என்று இந்தக் கேள்விக்குக் கீழே ஒருவர் சொல்லக்கூடும். க்ளியர் ரெஃபரன்சஸ் ஸ்டாப் த்ரெட்ஸ் என்று இருக்கிறது, இயல்பாக அணைத்து வைத்திருக்கிறார்கள். அணைத்தே இருக்கட்டும். த்ரெட்டை நடுவழியில் கொன்றால் அது பூட்டு (lock) போட்டு மாற்றிக்கொண்டிருந்த டேட்டா எந்த நிலையில் விடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஜாவா 20 முதல் அந்த ஸ்டாப் மெதடே வேலை செய்யாது, கூப்பிட்டால் எக்ஸப்ஷன்தான் வரும்.

இதுவரை சொன்னதில் உங்கள் விஷயத்தில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பூல் மூடப்படவில்லை என்பது உறுதி. நீங்களே எழுதிய கோடும், 15 என்ற எண்ணும் அதற்குச் சாட்சி. அதை மூடினால் கனெக்‌ஷன் பிரச்சினை தீரும் என்பதும் உறுதி. மெட்டாஸ்பேஸும் அதோடு தீருமா என்றால், இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரு கண்ணியை அவிழ்த்த பிறகும் இன்னொன்று மாட்டியிருக்கலாம். நீங்கள் பிடிஎஃப் போட ஒரு லைப்ரரி, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்று, லாகுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் எஸ்எம்எஸ் மேல், ஏனென்றால் அதற்குள் பெரும்பாலும் ஒரு எக்ஸிக்யூட்டர் ஓடும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. அப்புறம், ரீலோட் முடிந்த உடனே மெட்டாஸ்பேஸ் குறையவில்லை என்பதை வைத்து லீக் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கிளாஸ் மெமரியிலிருந்து இறங்குவதற்கு ஜிசி அந்தப் பகுதி வரை வந்து முழுசாகச் சோதிக்க வேண்டும், அது எப்போது வரும் என்பது ஜேவிஎம்மின் விருப்பம். சிஸ்டம் ஜிசி கூப்பிட்டும் போகவில்லை என்கிறீர்கள். நீங்கள் கூப்பிடும் நேரத்தில் அப்ளிகேஷன் இன்னும் நிற்கும் வேலையின் நடுவில்தான் இருக்கிறது, டாம்கேட்டே அந்த லோடரைப் பிடித்திருக்கிறது. அதனால் அந்தச் சோதனை ஒன்றையும் நிரூபிக்காது.

நிரூபிக்கும் வழி இது. பூலை மூடும் கோடைச் சேர்த்த பிறகு, சோதனை மிஷினில் டாம்கேட்டைப் புதிதாக ஆரம்பித்து, அப்ளிகேஷனை நாலு பக்கம் சுற்றிப் பாருங்கள், அப்போதுதான் லைப்ரரிகள் விழிக்கும். மூன்று தடவை ரீலோட் செய்யுங்கள். மேனேஜர் பக்கத்தில் ஃபைண்ட் லீக்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது முழு ஜிசி ஒன்றைக் கிளப்பிவிட்டு, இன்னும் போகாத பழைய அப்ளிகேஷன்களின் பெயரைக் காட்டும். முழு ஜிசி என்பதால் வேலை நேரத்தில் உண்மையான சர்வரில் அழுத்தாதீர்கள். பெயர் வந்தால் ஜேமேப் வைத்து ஹீப் டம்ப் (ஹீப் மெமரியின் பிரதி) எடுங்கள். எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, பேரலல் வெப்ஆப் கிளாஸ்லோடர் என்று தேடுங்கள். உங்கள் அப்ளிகேஷனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். நாலு இருந்தால், பழையது ஒன்றின் மேல் ரைட் க்ளிக் செய்து, வீக், சாஃப்ட் ரெஃபரன்ஸ்களை விலக்கி ஜிசி ரூட் (எப்போதும் உயிரோடு இருப்பதாக ஜிசி கொள்ளும் ஆரம்பப் புள்ளி) வரை வழி காட்டச் சொல்லுங்கள். வரும் சங்கிலியில் பெரும்பாலும் ஒரு த்ரெட்டின் பெயரோ, ஒரு லைப்ரரியின் ஸ்டாட்டிக் ஃபீல்டோ நிற்கும். அதுதான் பாறை. ஒன்றைச் சரிசெய்து மறுபடி முதலிலிருந்து சோதியுங்கள். ஒரே மூச்சில் ஐந்தாறு இடத்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

இதற்கு முன்னேற்பாடாக இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பெயர் வையுங்கள். ‘பூல் 1 த்ரெட் 1’ என்று இருந்தால் யாருடையது என்று தேடியே பொழுது போகும். ‘விலை எஸ்எம்எஸ் அனுப்பி’ என்று இருந்தால் லாகில் பார்த்த உடனே தெரியும். எஸ்எம்எஸ் சம்பவத்துக்குப் பிறகு நான் பெயர் இல்லாமல் ஒரு த்ரெட்டும் எழுதியதில்லை.

உண்மையான சர்வரில் ரீலோட் செய்யலாமா என்று கேட்டால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். இவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். மூடும் கோட் எப்படியும் தேவை, ஏனென்றால் சர்வரை ஒழுங்காக நிறுத்தும்போதும் அதே கோட்தான் ஓடும், பாதியில் நின்ற பில்லைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் உங்கள் கோட் சுத்தமாக இருந்தாலும், நாளை சேர்க்கும் ஒரு லைப்ரரி சுத்தமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் அலுவலகத்தில் ராத்திரி 10 மணிக்கு மேல் யாரும் பில் போடுவதில்லை என்றால், அப்போது டாம்கேட்டை முழுசாக நிறுத்தி ஆரம்பித்துவிடுங்கள். ரீலோட் உங்கள் மேஜை மிஷினுக்குப் போதும்.

சோதித்த பிறகும் பழைய லோடர் நின்றால், அந்த ஜிசி ரூட் சங்கிலியின் படத்தையும், ஓடும் த்ரெட்களைப் பட்டியலிடும் ஜேஸ்டாக்கில் இரண்டு தடவை வரும் த்ரெட் பெயர்களையும் மட்டும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன். ஹீப் டம்ப்பை அப்படியே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்; டேட்டாபேஸ் பாஸ்வேர்டு முதல் வாடிக்கையாளர் போன் நம்பர் வரை எல்லாம் அதற்குள் படிக்கும்படியே கிடக்கும்.